ஜந்துக்களும் வம்சாவளியும்

ஹாரி பாட்டரின் கிளைப்படங்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கப்போகிற நண்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. உலகமே பார்த்த ஒன்றைத் தான் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்வது ரசனைக்கு அத்தாட்சி ஆகிவிடாது. பார்க்காமலே ஒதுக்குவது சோம்பல். அந்தச் சோம்பலுக்குத் தீவிரம் என்று பெயர் வைத்துக்கொள்வது நம்மிடையே வெகுகாலமாக இருந்துவரும் பழக்கம். இவர்களுக்கு நேரெதிரே நிற்பவர்கள் ரசிகர்கள். அவர்களுக்கு எல்லாமே பிடிக்கும்; பிடிக்காததும் பிடிக்கும். ஒரு படம் தோற்றால் நடிகர் மேலோ, பத்திரிகைகள் மேலோ, கொள்ளைநோய் மேலோ பழியைப் போட்டுவிட்டு அடுத்த படத்துக்கு வரிசையில் நிற்பார்கள். இரண்டு கூட்டமும் செய்வது ஒரே காரியம்தான். படத்தைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்கிறார்கள்.

நான் ரசிகன். ஏழு நாவல்களையும் (1997–2007) எட்டுப் படங்களையும் (2001–2011) விரும்பியவன். 2016இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ் அண்ட் வேர் டு ஃபைண்ட் தெம்' என்ற கிளைப்படத்தை அந்த எட்டுப் படங்களையும்விட மேலாக மதிக்கிறவன். அதன் தொடர்ச்சியாக 2018இலும் 2022இலும் வந்த இரண்டு படங்கள் மேலும் கோபம் தீராதவன். இந்த இரண்டு உணர்ச்சிகளையும் சமாதானம் செய்து 'நிறைகள், குறைகள்' என்று பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை. மதிப்புக்கும் கோபத்துக்கும் காரணம் ஒன்றே. முதல் படம் ஒரு கற்பனை உலகத்தைப் பிறப்பின் பிடியிலிருந்து விடுவித்துக் காட்டியது. அடுத்த இரண்டும் அந்த விடுதலையைத் திரும்பப் பறித்துக்கொண்டன. இந்தப் பறிப்புக்கு வியாபாரிகள் மட்டும் பொறுப்பில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

2

கிளைக்கதை என்பது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த ஒன்றல்ல. சூதில் எல்லாவற்றையும் தோற்றுவிட்டுத் தருமன் வனத்தில் இருக்கும்போது பிருகதசுவர் என்ற முனிவர் வருகிறார். நளன் கதையைச் சொல்கிறார். நளன் பாண்டவர்களுக்குப் பாட்டனும் அல்ல, பங்காளியும் அல்ல. குருக்ஷேத்திரத்துக்கு அவனிடமிருந்து ஓர் அம்புகூட வந்து சேர்வதில்லை. அவனும் சூதில் தோற்றான், அவனும் நாட்டை விட்டுப் போனான், அவ்வளவுதான் தொடர்பு. கிளைக்கதை மையக்கதையோடு கொள்ளும் உறவு சாயலால் ஆனது, இரத்தத்தால் ஆனது அல்ல. அதனால்தான் புகழேந்தி அதைத் தனியே எடுத்து வெண்பாவில் பாட முடிந்தது. பாரதம் அறியாதவனுக்கும் நளனைப் புரிகிறது.

இன்றைய படவரிசை வியாபாரம் கிளைக்கதையைக் கையாளும் விதம் இதற்கு நேர்மாறு. அங்கே கிளை என்றால் வேர்வரை கணக்குக் காட்ட வேண்டும். வில்லனின் இளமை, குருவின் காதல், நாயகனின் பாட்டனுக்கு நேர்ந்த அநீதி, எல்லாமே ஏற்கெனவே நாம் பார்த்துவிட்ட ஒன்றுக்குக் காரணமாக வந்து நிற்க வேண்டும். 2018இல் வந்த 'ஸோலோ' என்ற ஸ்டார் வார்ஸ் கிளைப்படம், ஹான் ஸோலோ என்ற பாத்திரத்துக்கு ஸோலோ என்ற பெயர் எப்படி வந்தது என்பதைக்கூட ஒரு காட்சியாக எடுத்துக் காட்டியது. அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டும் என்று நாற்பது வருஷமாகத் தூங்காமல் இருந்தவர் யார் என்று தெரியவில்லை. பதில் இருக்கிறது என்பதற்காகக் கேள்வியைத் தயாரிக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2016ஆம் வருஷத்துப் படம் எனக்கு முக்கியமாகிறது. அதற்கு மூலம் என்று சொல்லக்கூடியது ஒரு கதையே அல்ல. 2001இல் காமிக் ரிலீஃப் என்ற பிரிட்டிஷ் தர்ம ஸ்தாபனத்துக்கு நிதி திரட்ட ஜே. கே. ரௌலிங் எழுதிக் கொடுத்த சிறு புத்தகம் அது. ஹாரியின் பள்ளிக்கூடத்தில் வைக்கப்பட்ட பாடப்புத்தகம் என்று பாவனை. ஆசிரியர் பெயர் நியூட் ஸ்கமாண்டர். அகரவரிசையில் மந்திர ஜந்துக்கள். எது எவ்வளவு ஆபத்தானது என்று தரப்படுத்தும் குறிகள். ஓரங்களில் ஹாரியும் அவன் நண்பன் ரானும் கிறுக்கியதாக விளையாட்டுக் குறிப்புகள். சரித்திரம் இல்லை, பகை இல்லை, தீர்க்கதரிசனம் இல்லை. பிராணிகளும் அவற்றைப் பார்த்து எழுதிய ஒரு மனிதனும் மட்டும்தான். மூலம் இவ்வளவு காலியாக இருந்தது படத்துக்குக் கிடைத்த பாக்கியம்.

3

1926 டிசம்பர். நியூட் ஸ்கமாண்டர் ஒரு தோல்பெட்டியோடு நியூயார்க்கில் கப்பலிலிருந்து இறங்குகிறான். பெட்டிக்குள் ஒரு வனமே இருக்கிறது. எகிப்தில் கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட தண்டர்பேர்ட் என்ற பெரும்பறவையை அதன் பிறப்பிடமான அரிஸோனாவில் பறக்கவிட வந்திருக்கிறான். இதுதான் நாயகனின் லட்சியம். உலகத்தைக் காப்பாற்ற வரவில்லை. ஒரு பறவையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வந்திருக்கிறான்.

எடி ரெட்மேய்ன் இந்த மனிதனை நடித்திருக்கும் விதத்தைப் பலர் 'கோணங்கித்தனம்' என்று ஒதுக்கினார்கள். அவர்கள் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு. நியூட் மனிதர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. பேச்சு தோளுக்கு மேலே எங்கோ போய்க்கொண்டிருக்கும். ஒரு ஜந்துவின் முன்னால் வந்துவிட்டால் அவன் உடம்பே மாறிவிடுகிறது, கண் நிலைகொள்கிறது. காண்டாமிருகத்தை ஒத்த எரம்பண்டைப் பிடிக்க அவன் பனியில் புரண்டு, முனகி, அதன் இணைசேரும் நடனத்தை ஆடுகிறான். அவன் அதை அடக்க முயலவில்லை. அதன் பாஷையில் அதை அழைக்கிறான். அந்த நேரத்தில் மனிதன் என்ற தன் மரியாதையை அவன் கழற்றி வைத்துவிடுகிறான். அந்தக் காட்சியில் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபிறகு ஒரு கூச்சம் வருகிறது, இத்தனை கவனத்தோடு நாம் எதைப் பார்த்திருக்கிறோம் என்று.

ஹாரி பாட்டர் கதையின் நாயகன் பார்க்கப்படுகிறவன். நெற்றியில் தழும்பு, அவனைப் பற்றித் தீர்க்கதரிசனம், நுழையும் அறைகளிலெல்லாம் கண்கள் அவனை நோக்கித் திரும்பும். நியூட் பார்க்கிறவன். அவன் யாருக்குப் பிறந்தான் என்று முதல் படம் முழுக்க நாம் கேட்பதே இல்லை. ஒரு கற்பனை உலகத்தில் மதிப்பு என்பது பிறப்பாலும் விதியாலும் வராமல் கவனத்தால் வரமுடியும் என்று இந்தப் படம் சொல்கிறது. அதைப் பிரசங்கம் செய்யாமல் சொல்கிறது.

இன்னொருவன் ஜேக்கப் கோவால்ஸ்கி. மந்திரம் அறியாதவன். முதல் உலக யுத்தத்தில் சிப்பாயாக இருந்து திரும்பி, டப்பா உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். சொந்தமாக ஒரு பேக்கரி வைக்கப் பணம் கடன் கேட்டு, தான் சுட்ட பலகாரங்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போகிறான். பாங்கு அதிகாரி பலகாரத்தைத் தொட்டும் பார்ப்பதில்லை. மணிக்கு நூற்றுக்கணக்கில் டோநட் செய்யும் இயந்திரம் வந்துவிட்டது என்று சொல்லி, ஈடு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். ஜேக்கப்பிடம் இருப்பது கையும் பாட்டியின் பக்குவமும். டான் ஃபோக்லர் இந்த இடத்தில் அழுது புரளாமல், அவமானத்தை விழுங்கி நிற்கிறார். மந்திரப் படம் ஒன்றில் நான் பார்த்த மிகச் சிறந்த காட்சி இது. இதில் மந்திரம் துளியும் இல்லை. பிறகு பெட்டிகள் மாறிவிடுகின்றன; பலகாரம் நியூட்டிடம், வனம் ஜேக்கப்பிடம். இரண்டு பெட்டிகளும் சமமானவை என்று படம் நம்புகிறது. அதனால்தான் கடைசியில் நியூட் வெள்ளி முட்டையோடுகளை ஈடாகக் கொடுத்து அவனுக்குக் கடை வைத்துக் கொடுப்பது உதவியாக அல்லாமல் மரியாதையாகப் படுகிறது.

மூன்றாவது, க்ரீடன்ஸ். சூனியக்காரர்களை ஒழிக்கக் கிளம்பிய ஒருத்தியின் வளர்ப்புப் பிள்ளை. அடி வாங்கியே வளர்ந்தவன். உள்ளே இருக்கும் சக்தியை மறைத்து மறைத்து, மறைத்ததே ஒரு கரும்புயலாகி வெளியே வந்து கட்டிடங்களைக் கிழிக்கிறது. இதற்கு 'அப்ஸ்கியூரஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார் ரௌலிங். ஒடுக்கப்பட்ட குழந்தையின் மனத்தைப் பற்றி அவர் செய்த கற்பனைகளில் இதுவே ஆழமானது என்பேன். க்ரீடன்ஸ் யாராக இருந்தாலும் இந்த வேதனை பொருந்தும் என்பதுதான் இதன் பலம். அவன் யாரோ ஒருவன். யாரோ ஒருவனாக இருப்பதால்தான் அவன் நம்மைச் சுடுகிறான்.

4

முதல் படத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. நோயின் முதல் அறிகுறி அதிலேயே இருக்கிறது.

சுரங்கரயில் நிலையத்தில் நியூட்டும் டீனாவும் பேசிப் பேசிக் க்ரீடன்ஸின் புயலை அடக்கிவருகிறார்கள். அமைதியடைகிற அந்தக் கணத்தில் மந்திர அரசாங்கத்தின் காவலர்கள் அவனைச் சிதறடிக்கிறார்கள். படத்தின் தார்மீக உச்சம் இதுதான். ஒரு நல்ல படம் இங்கே நம்மைக் கொஞ்சநேரம் நிற்கவிடும். இந்தப் படம் விடவில்லை. சற்றைக்கெல்லாம் அதிகாரி க்ரேவ்ஸின் வேஷம் கலைந்து, காலின் ஃபாரல் இருந்த இடத்தில் ஜானி டெப் தெரிகிறார். க்ரேவ்ஸ் உண்மையில் க்ரிண்டல்வால்ட், டம்பிள்டோரின் பழைய எதிரி, பெயர் தெரிந்தவர். ஓர் அநாமதேயனின் சாவின் மேல் ஒரு பிரபலத்தின் முகத்தை ஒட்டிவிட்டார்கள். தியேட்டரில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது க்ரீடன்ஸுக்காக அல்ல. அடுத்த படங்களின் விதி அந்தக் கணத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

தண்டர்பேர்ட் விஷயமும் உண்டு. அது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஐதீகத்துக்குச் சொந்தமான பறவை. படம் வந்த அதே 2016இல் அமெரிக்க மந்திர சரித்திரம் என்று ரௌலிங் வெளியிட்ட குறிப்புகளை, உயிரோடிருக்கும் மக்களின் நம்பிக்கைகளை மேலைத் தேசத்துக் கற்பனையின் அலமாரியில் எடுத்து அடுக்குவதாகச் சொல்லி, செரோக்கி இனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஏட்ரியன் கீன் போன்றவர்கள் கண்டித்தார்கள். அது நியாயமான கண்டனம். படத்தில் அந்தப் பறவை இருக்கிறது, அதைத் தெய்வமாகக் கண்டவர்கள் இல்லை. எல்லாவற்றையும் பார்க்கத் தெரிந்த நியூட்டின் கண்ணுக்கும் அவர்கள் தெரியவில்லை. முதல் படத்தின் பார்வைக்கு எல்லை எங்கே என்பது இதில் தெரிகிறது.

ஆனாலும் முடிவு காப்பாற்றுகிறது. நகரத்தின் நினைவைக் கழுவ அந்தப் பறவை மழையைக் கொண்டுவருகிறது. சட்டப்படி ஜேக்கப்பும் மறந்தாக வேண்டும். அவன் தானாகவே மழைக்குள் நடக்கிறான். பிறகு அவன் கடையில், காரணம் தெரியாமலே, ஜந்துக்களின் உருவத்தில் ரொட்டி சுடுகிறான். க்வீனி உள்ளே வருகிறாள். அவன் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போகிறது, ஒரு ஜந்து கடித்த இடத்துக்கு. படம் முடிகிறது. அறிவு மறந்ததைக் கை மறக்கவில்லை. இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை.

5

இரண்டாம் படம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டது. 'தி க்ரைம்ஸ் ஆஃப் க்ரிண்டல்வால்ட்' தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் ஜேக்கப் வந்து நிற்கிறான், எல்லா நினைவோடும். அந்த மழை கெட்ட நினைவுகளை மட்டும்தான் அழிக்குமாம். அவனுக்குக் கெட்ட நினைவு ஏதும் இல்லையாம். ஓரிரு வாக்கியங்களில் முதல் படத்தின் முடிவு குப்பைக்குப் போனது. யுத்தத்துக்குப் போய்வந்தவன், பாங்கில் அவமானப்பட்டவன், அவனுக்குக் கெட்ட நினைவு இல்லையாம். கதாசிரியரே தன் பாத்திரத்தை மறந்தால்தான் இப்படி எழுத முடியும். செத்த க்ரீடன்ஸும் பாரிஸில் ஒரு சர்க்கஸில் உயிரோடு இருக்கிறான். சாவுக்கும் மறதிக்கும் இனி விலை கிடையாது. விலை இல்லாத உலகத்தில் எது நடந்தால் என்ன?

விலைக்குப் பதிலாக வம்சாவளி வருகிறது. க்ரீடன்ஸின் வேதனை 'அவன் யார் பிள்ளை' என்ற துப்பறியும் கேள்வியாகச் சுருங்குகிறது. மொத்தப் படமும் பாரிஸில் ஒரு பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைகிறது. இது உவமை இல்லை. ஆவணக் கிடங்குக்குப் போகிறார்கள், குடும்ப மரம் தேடுகிறார்கள், ஒரு கல்லறை மண்டபத்தில் கூடி நின்று யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் உரக்கச் சொல்கிறார்கள்.

இதில் என்னைத் துன்புறுத்துவது லீட்டா லெஸ்ட்ரேஞ்ஜ். அவளுடைய தாய் செனகலைச் சேர்ந்த கறுப்பினப் பெண். ஒரு வெள்ளைப் பிரபு மந்திரத்தால் அவளுடைய சித்தத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறான். லீட்டாவைப் பெற்றுவிட்டுச் சாகிறாள். மந்திரம் என்ற பழைய விளையாட்டுப் பொருள் இங்கே காலனி ஆதிக்கத்தின் கருவியாகிவிடுகிறது. ஒரு முழுப் படத்துக்கு, ஒரு பெரிய நாவலுக்கு உரிய விஷயம். இதை என்ன செய்தார்கள்? கல்லறை மண்டபத்தில் ஒரு வாக்குமூலமாக அவசர அவசரமாகப் படித்துவிட்டு, சற்று நேரத்தில் லீட்டாவை நெருப்பில் போட்டுவிட்டார்கள். அவள் தேவைப்பட்டது க்ரீடன்ஸ் லெஸ்ட்ரேஞ்ஜ் அல்ல என்று நிரூபிக்கத்தான். ஒரு சந்ததியின் துயரம் துப்புத் துலக்கலில் ஒரு தடயமாகப் போய்விட்டது. நாகினி என்ற ஆசியப் பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுவே. அவள் பிற்காலத்தில் வோல்டமார்ட்டின் காலடிப் பாம்பு ஆகப்போகிறவள் என்பதைத் தவிர அவளைப் பற்றிப் படத்துக்குச் சொல்ல ஏதுமில்லை.

கடைசியில் அந்தப் பெரிய அறிவிப்பு. க்ரீடன்ஸ் ஒரு டம்பிள்டோர்! யாரோ ஒருவனாக இருந்து நம்மைச் சுட்டவன் பிரசித்தமான குடும்பத்தில் சேர்க்கப்பட்டு அணைந்துபோனான். வாசகர்கள் ஒரு நகைமுரணைக் கவனிக்க வேண்டும். இரத்தத் தூய்மை பேசுகிறவர்களை வில்லன்களாக வைத்து ஏழு நாவல் எழுதியவர் ரௌலிங். அவருடைய கதையில் எந்தச் சிக்கலுக்கும் இப்போது இரத்தம்தான் பதில். மூன்றாம் படத்தில் டம்பிள்டோரும் க்ரிண்டல்வால்ட்டும் மோதமுடியாமல் இருப்பதற்குக் காரணமே இளமையில் செய்துகொண்ட ஓர் இரத்த ஒப்பந்தம். அதை ஒரு குப்பியில் போட்டுச் சங்கிலியில் மாட்டியும் காட்டுகிறார்கள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், இந்தப் படத்திலும் என்னை எழுந்து உட்காரவைத்த இடங்கள் உண்டு. லண்டன் வீட்டின் நிலவறையில் நியூட் நீர்க்குதிரையின் மேல் ஏறி மூழ்கி எழுவது ஒன்று. க்வீனி க்ரிண்டல்வால்ட்டின் பக்கம் போவது மற்றொன்று. அவள் தீயவள் அல்ல. மந்திரமறியாத ஜேக்கப்பை மணக்கச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை உடைப்பேன் என்று ஒருவன் வாக்குக் கொடுக்கிறான். அவள் அவனை நம்பி நீல நெருப்பைக் கடந்து போகிறாள். நல்ல ஆசை உள்ளவர்கள் எப்படிச் சர்வாதிகாரியின் பின்னால் போகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் வணிக சினிமாவில் அபூர்வம். அதே கூட்டத்தில் க்ரிண்டல்வால்ட் வரப்போகும் இரண்டாம் உலக யுத்தத்தைப் புகையில் காட்டி, இதைத் தடுக்க நாம் ஆள வேண்டாமா என்று கேட்கிறான். பதில் சொல்லக் கடினமான கேள்வி. படமும் பதில் சொல்லவில்லை.

6

ரசிகர்களிடம் வருகிறேன். இரண்டாம் படத்தில் மக்கானகல் 1927லேயே ஆசிரியையாக வருகிறாள். ஐந்தாம் நாவலில் அவள் 1995இல் தன் பணிக்காலத்தை முப்பத்தொன்பது வருஷம் என்கிறாள்; அப்படியானால் 1956இல்தான் அவள் வேலைக்கு வந்திருக்க வேண்டும். இது துரோகம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் இந்தப் படம் செய்த துரோகங்களில் இதுவா பெரிது? ஜேக்கப்பின் மறதியை இரண்டு வாக்கியத்தில் அழித்ததற்கு எழாத கூச்சல் ஒரு பணிப்பதிவேட்டுக்காக எழுந்தது. க்ரீடன்ஸ் எந்த வருஷத்தில் பிறந்திருந்தால் டம்பிள்டோரின் தம்பியாக இருக்க முடியும், அப்போது அப்பா ஜெயிலில் அல்லவா இருந்தார் என்று நான்கு வருஷம் கணக்குப் போட்டார்கள். அவன் டம்பிள்டோராக இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டவர்கள் சொற்பம்.

ரசிகன் என்பவன் இன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா ஆகிவிட்டான். அவன் கையில் பேரேடு இருக்கிறது. எல்லாப் பெயரும் எல்லாத் தேதியும் ஒத்துப்போக வேண்டும். ஸ்டூடியோ அவனை நன்றாகப் படித்து வைத்திருக்கிறது. புதிய ஒன்றைக் காட்டினால் அவன் அரைமனதாகக் கைதட்டுவான். தெரிந்த பெயர் ஒன்றை உச்சரித்தால் எழுந்து நிற்பான். முதல் படத்தில் டம்பிள்டோரின் பெயர் ஓர் ஓரமாக அடிபடுகிறது. அந்தப் பெயருக்குக் கிடைத்த கைத்தட்டலைக் கேட்டுத்தான் அடுத்த இரண்டு படங்களும் எடுக்கப்பட்டன என்று நான் நம்புகிறேன். ஆகவே வியாபாரிகளை மட்டும் திட்டுவது சௌகரியம். வம்சாவளி கேட்டவன் ரசிகன். கிடைத்தது வம்சாவளி.

7

2022இல் வந்த 'தி சீக்ரெட்ஸ் ஆஃப் டம்பிள்டோர்' தலைப்பிலேயே வழக்கை முடித்துவிட்டது. ஜந்துக்களின் பெயர் தலைப்பின் முன்னொட்டாகத் தொங்குகிறது; ரகசியம் டம்பிள்டோருடையது. திரைக்கதையில் ரௌலிங்கோடு ஸ்டீவ் க்லோவ்ஸும் சேர்ந்ததால் இரண்டாம் படத்தின் குழப்பம் இதில் இல்லை. மேட்ஸ் மிக்கெல்ஸனின் க்ரிண்டல்வால்ட் டெப்பைவிட அடக்கமானவன், ஆகையால் அதிக ஆபத்தானவன். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழப்பமில்லாத பொய் என்பது குழப்பமான பொய்யைவிட மேலானதா?

படத்தின் மையம் கிலின் என்ற சீன ஐதீக விலங்கு. மனிதரின் உள்ளத்தைப் பார்க்கும். தூய உள்ளம் உள்ளவர் முன்னால் மண்டியிடும். மந்திர உலகத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1930களின் பெர்லின் காட்டப்படுகிறது. குற்றவாளி க்ரிண்டல்வால்ட்டை மன்னித்து அதிகாரிகள் தேர்தலில் நிற்க விடுகிறார்கள். தெருவில் அவன் பெயரைக் கூட்டம் கோஷமிடுகிறது. எந்தச் சரித்திரத்தைச் சொல்கிறார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். இதற்குப் படம் கண்ட தீர்வு? பூட்டான் மலையுச்சியைத் தபால் அட்டைப் படம் போலப் பின்னால் நிறுத்தி, ஒரு கன்றைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அது மோப்பம் பிடித்து டம்பிள்டோர் முன்னால் மண்டியிடுகிறது, அவர் அடக்கமாக மறுக்கிறார், அடுத்து இன்னொருவர் முன்னால் மண்டியிடுகிறது, அவர் தலைவராகிறார். சர்வாதிகாரத்துக்கு மாற்று ஒரு பிராணியின் அருள்வாக்கு. க்ரிண்டல்வால்ட்டின் பின்னால் போன கூட்டம் ஏன் போனது என்ற கேள்வி அந்த மண்டியிடலில் கரைந்துபோகிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. முதல் படத்தில் ஜந்து எதற்கும் சான்று அல்ல. நிஃப்லர் பளபளப்பதைத் திருடுகிறது, ஏனென்றால் அது நிஃப்லர். எரம்பண்ட் துணை தேடுகிறது. பச்சைக் குச்சிபோல இருக்கும் பவுட்ரக்கிள் நியூட்டின் சட்டைப்பையை விட்டு இறங்க மறுக்கிறது. அவற்றுக்கு அர்த்தம் அவைதான். நியூட்டின் கண் அவற்றிடம் கேட்பது ஒன்றும் இல்லை. மூன்றாம் படத்தில் ஜந்து, மனிதனுக்கு நற்சான்றிதழ் கொடுக்கும் இயந்திரம் ஆகிவிட்டது. இரத்தத்தின் தூய்மை போய் உள்ளத்தின் தூய்மை வந்திருக்கிறது என்று யாராவது வாதிக்கலாம். தூய்மையை முகர்ந்து பார்த்து ஆளத் தகுந்தவரைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு எந்தப் பெயரில் வந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அதை ஜந்துக்களின் நண்பனான நியூட்டைக் கொண்டே செய்யவைத்ததுதான் வக்கிரம். எரம்பண்டின் முன்னால் ஆடிய நடனமும் இதில் திரும்ப வருகிறது, ஜெயிலில் நண்டுக் கூட்டத்தின் முன்னால் அண்ணனையும் சேர்த்துக்கொண்டு ஆடும் கோமாளித்தனமாக. அர்த்தம் போய் அசைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

க்வீனி? திரும்பி வருகிறாள். ஜேக்கப்பின் கடையில் பனி பெய்யக் கல்யாணம். அவள் சர்வாதிகாரியோடு இருந்த வருஷங்களுக்கு யாரும் யாரிடமும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அதற்குமுன், டம்பிள்டோர் ஒருவனைக் காதலித்தார் என்று ரௌலிங் 2007லேயே நியூயார்க்கில் வாசகர்கள் கூட்டத்தில் அறிவித்தது இந்தப் படத்தில்தான் முதன்முறையாக வெளிப்படையாகப் பேசப்படுகிறது. சீனாவில் திரையிட அந்த வசனங்களை, மொத்தம் ஆறு வினாடி, வெட்டிக் கொடுத்துவிட்டு, படத்தின் ஆன்மாவுக்குப் பங்கமில்லை என்ற தோரணையில் விளக்கம் சொன்னது வார்னர் பிரதர்ஸ். தலைப்பிலேயே இருக்கும் ரகசியத்தை ஆறு வினாடியில் கத்தரித்து எடுக்க முடிகிறது என்றால், அந்தக் காதல் கதைக்குள் எவ்வளவு ஆழத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று நாமே அளந்துகொள்ளலாம்.

8

ஐந்து படங்கள் என்று 2016 அக்டோபரில் அறிவித்தார்கள். மூன்றோடு நின்றது. நின்றதற்கு வெளிக்காரணங்களை அடுக்குவது வழக்கம். 2020 ஜூனில் திருநர்களைப் பற்றி ரௌலிங் எழுதியவை பல வாசகர்களை அவரிடமிருந்து விலக்கின. அதே வருஷம் நவம்பரில் ஸ்டூடியோ கேட்டுக்கொண்டபடி டெப் விலகினார். கொள்ளைநோய் படப்பிடிப்பைத் தள்ளிப்போட்டது. எல்லாம் நடந்தவைதான். ஆனால் முதல் படம் உலக அளவில் 81 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இரண்டாவது 65 கோடி அளவில் நின்றது. மூன்றாவது 40 கோடியைச் சற்றே தாண்டியது. முதல் சரிவு 2018இல், இந்தக் காரணங்கள் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. வசூலை வைத்துக் கலையை அளப்பவன் அல்ல நான். வசூலையே வேதமாகக் கொண்டவர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ரசிகன் கேட்டதாக நீங்கள் நினைத்ததைக் கொடுத்தீர்கள், அவனே வாங்கவில்லை.

பிறகு 2023 ஏப்ரலில், ஏழு நாவல்களையும் தொலைக்காட்சித் தொடராக மறுபடி முதலிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். கிளை பட்டுப்போனால் வேறொரு கிளை விடுவதில்லை. மரத்தையே இன்னொரு முறை நட்டுவிடுகிறார்கள். அதே தழும்பு, அதே தீர்க்கதரிசனம். பார்க்கிறவனுக்கு இடம் இல்லை என்று முடிவாகிவிட்டது.

ஒரு ரசிகனுக்கு இதில் என்ன வேலை மிச்சம் இருக்கிறது? கைவிட்டு விலகுவது சுலபம். எல்லாவற்றையும் மன்னித்து ஏற்பது இன்னும் சுலபம். நான் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறேன். ஜேக்கப்பின் கடையில் அவன் கை கழுத்துக்குப் போகும் இடத்தில் கதை முடிந்துவிட்டது என்கிறேன். அவனுக்கு நினைவு திரும்பவில்லை. சுரங்கரயில் நிலையத்தில் செத்தவன் யார் பிள்ளையோ தெரியாது. அடுத்து நடந்ததாகச் சொல்லப்படுபவை, பதிப்புரிமை வைத்திருக்கிறவர்கள் பிற்பாடு சேர்த்த இடைச்செருகல்கள். இடைச்செருகலைச் செய்தவர் மூல ஆசிரியரே என்பதால் அது மூலம் ஆகிவிடாது. சொத்துரிமைச் சட்டம் கதை யாருடையது என்று சொல்லும். எது கதை என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரத்தை வாசகன் தன் கையில் வைத்துக்கொண்டு, பேரேட்டைக் கீழே வைக்க வேண்டும்.

படவரிசைகளைத் தீண்டாத நண்பர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிறப்பை வைத்து மனிதனை எடைபோடும் கதைகள்தான் உலகத்தின் குழந்தைகளுக்கு இன்று பெருமளவில் போய்ச் சேருகின்றன. அவற்றுக்கு நடுவே, யாருக்குப் பிறந்தான் என்று கேட்கப்படாத ஒருவன் ஒரு தோல்பெட்டியோடு வந்து இறங்கினான். அவன் வந்தபோது நாம் பார்க்கவில்லை. அவனை டம்பிள்டோரின் ஏவலாளாக ஆக்கியபோதும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது நம் கௌரவம் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.